செவப்பா ஒண்ணும் வரலையே தம்பி

2014 தை மாதம், முகூர்த்த நாள், விடிகாலை நாலே முக்கால். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில், ஈரச் சாக்குகளுக்கு நடுவே போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எழுதிய பில்லிங் சாப்ட்வேர் மளமளவென்று பில் அடித்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி, தைப் பனியில் மல்லி வரத்து குறைந்துவிடும், தை பிறந்ததும் கல்யாணங்கள் வரிசைகட்டும், அதனால் விலை எங்கேயோ போய் நிற்கும். அன்றைக்குக் கிலோ 1,400 ரூபாய். முந்தின வருஷம்தான் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது, அந்தச் சூட்டில் மார்க்கெட் முழுக்க நம்ம சாப்ட்வேர்தான் ஓடப்போகிறது என்று எனக்கு ஒரு கனவு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்கர் என்று கத்திக்கொண்டே இருந்தது, ஒரு எர்ரர் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. ஏழரை மணிக்கு வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

அன்றைக்குப் போட்ட பில்களில் பதினொன்று தப்பு.

மறுநாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பூக்கொண்டு வரும் ஒரு அப்பத்தா, முதல்நாள் பில்லைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கணக்குப்பிள்ளை மேசையில் வைத்திருக்கிறது. "ரெண்டரைக் கிலோ மல்லிக்கு ஆயிரத்து முந்நூத்தம்பதா? எம்பூவு என்ன அரளியா?" கணக்குப்பிள்ளை அண்ணன் மனசிலேயே கணக்குப் போட்டார். ரெண்டரைக் கிலோவுக்கு 3,500, நூற்றுக்குப் பத்து கமிஷன் போக 3,150 வரவேண்டும். பில்லில் மல்லி என்றுதான் இருக்கிறது, எடையும் சரி, விலை மட்டும் 600. அது அன்றைக்குப் பிச்சியின் விலை. எனக்குப் போன் வந்தது.

"என்னண்ணே, ஏதாவது எர்ரர் காட்டுச்சா?"

"செவப்பா ஒண்ணும் வரலையே தம்பி. எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு."

இந்த "நல்லாத்தான் ஓடுச்சு"தான் பிரச்சினையே. அது எனக்குப் புரிய ஒரு நாள் முழுக்க ஆனது, முழுசாகப் புரிய ஐந்தாறு வருஷம் ஆனது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி எழுதிய புரோகிராமை நான் இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவருடைய ஸ்கிரீனில் பார்க்கிறேன். கடையில் ஏலம் நடக்கும்போது ஓனரின் மகன் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட்டில் விவசாயி, பூ, எடை, விலை என்று போட்டுக்கொண்டே வருவார். என் புரோகிராம் அந்த ஷீட்டை வரி வரியாகப் படித்து பில் போடும். பேப்பர் நோட்டில் ஒரே விலை அடுத்தடுத்து வந்தால் கணக்குப்பிள்ளை திரும்பத் திரும்ப எழுத மாட்டார், "மேற்படி" என்று போட்டுவிடுவார். அதைப் பார்த்துவிட்டு நானும் சாமர்த்தியமாக, விலை என்ற வேரியபிளை (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி), வரி வரியாகச் சுற்றிவரும் லூப்புக்கு வெளியே வைத்திருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் முந்தின வரியின் விலை அப்படியே தொடரும். நல்ல வசதி. கட்டத்தில் ஏதாவது இருந்தால் அதை எண்ணாக மாற்றும், அதைச் சுற்றி ஒரு டிரை, ஒரு கேட்ச், அதாவது 'செய்து பார், தடங்கல் வந்தால் பிடி'.

எண்ணாக மாற்ற முடியாவிட்டால்? நான் எழுதிய ஜாவா மொழி, நம்பர் ஃபார்மட் எக்ஸெப்ஷன் என்ற தடங்கல் அறிவிப்பை வீசும். அதை என் கேட்ச் பிடிக்கும். பிடித்து, தடங்கல் எந்த வரியில், எந்த வழியாக வந்தது என்று சொல்லும் ஸ்டாக் டிரேஸை பிரிண்ட் பண்ணும். அவ்வளவுதான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி லூப் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். விலை என்ற வேரியபிளில் முந்தின வரியின் விலை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பிச்சிக்கு அடுத்த வரியில் மல்லி வந்தால், மல்லிக்குப் பிச்சி விலை.

ஸ்டாக் டிரேஸை பிரிண்ட் பண்ணியிருக்கிறாயே, அது எங்கே போனது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எக்லிப்ஸ் என்ற, கோட் எழுத உதவும் சாப்ட்வேரில் எழுதும்போது "டிரை கேட்சுக்குள் வை" என்று ஒரு கிளிக் பண்ணினால் அதுவே அந்த ஒரு வரியைப் போட்டுத் தரும், மேலே ஒரு 'செய்யவேண்டியது' கமென்ட்டோடு. நான் அந்தக் கமென்ட்டை மட்டும் அழித்துவிட்டு வரியை அப்படியே விட்டிருந்தேன். ஆபீஸில் எக்லிப்ஸுக்குக் கீழே கன்சோல் என்ற மெசேஜ் ஜன்னல் இருக்கிறது, சிவப்பு எழுத்து கொட்டும், கண்ணில் படும். கடையில் டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான், அதை டபுள் கிளிக் பண்ணினால் ஜாவா டபிள்யூ என்கிற லாஞ்சர் திறக்கும், அதற்குக் கன்சோலே கிடையாது. அதாவது என் புரோகிராம் பதினொரு முறை கத்தியிருக்கிறது. வாயில் துணியை அடைத்து அனுப்பியது நான்.

சரி, 1400 என்று தெளிவாகத்தானே ஷீட்டில் இருக்கிறது, அதை ஏன் எண்ணாக மாற்ற முடியவில்லை? இது அடுத்த கூத்து. ஷீட்டை ஆபீஸுக்குக் கொண்டுவந்து ஓட்டினேன், கன்சோலில் வந்தது: இந்த உள்ளீட்டை மாற்ற முடியவில்லை, "1400 ". கடைசியில் ஒரு இடைவெளி. ஆனால் நான்தான் டிரிம் போட்டிருக்கிறேனே, இடைவெளியை அது வெட்டியிருக்க வேண்டுமே! ஒரு மணி நேரம் டிரிம் வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் புத்தி வந்து ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் பிரிண்ட் பண்ணிப் பார்த்தால் 49, 52, 48, 48, கடைசியில் 160. சாதாரண இடைவெளி 32. இந்த 160 வெப் பக்கங்களில் வரும் 'உடையாத இடைவெளி', பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஜாவாவின் டிரிம் 32-ம் அதற்குக் கீழே உள்ளதையும்தான் வெட்டும், 160-ஐத் தொடாது. பிற்பாடு ஜாவா 11-இல் ஸ்ட்ரிப் என்று புதிதாக ஒன்று வந்ததே, அதுவும் இதைத் தொடாது. ஓனர் மகன் சில விலைகளை மட்டும் ஏதோ ஒரு வெப் பக்கத்தின் விலைப்பட்டியலிலிருந்து காப்பி அடித்து ஒட்டியிருக்கிறார், அந்தக் கட்டங்களில் மட்டும் இந்த ஒட்டுண்ணி.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இடைவெளிக்கே முரண்டு பிடிக்கிற அதே பார்ஸ் இன்ட்டுக்கு, அதாவது எழுத்தை எண்ணாக்கும் ஜாவா கட்டளைக்கு, ௧௪௦௦ என்று தமிழ் எண்களில் கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாக 1400 என்று வாங்கிக்கொள்ளும். யூனிகோடில் இலக்கம் என்று பதிவான எதையும் அது ஏற்கும். நம்மிடம் தமிழ் எண்களில் விலை போடுகிற ஆள்தான் இல்லை.

பதினொரு பில்லில் ஏழு பேருக்குக் குறைவாகப் போயிருந்தது, நாலு பேருக்கு அதிகம். சம்பங்கி நாலு கிலோ கொண்டுவந்த ஒருவருக்கு, கிலோ 150 என்ற கணக்கில் கமிஷன் போக 540 ரூபாய் போகவேண்டிய இடத்தில், மேலே இருந்த மல்லி விலை ஏறி 5,040 போயிருந்தது. அவர் ஏன் வந்து கேட்கவில்லை என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. குறைந்தவர்களுக்குக் கடை அன்றைக்கே கொடுத்துவிட்டது, கூடப் போனதில் பாதியை எங்கள் ஆபீஸ் ஏற்றுக்கொண்டது, மீதியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கணக்குப்பிள்ளை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவருடைய பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். சில பக்கங்களின் மேல்மூலை மடிக்கப்பட்டிருந்தது. "ஏலச் சத்தத்துல வெல சரியாக் காதுல விழலேன்னா அந்த எடத்தைக் காலியா விட்டு மூலைய மடிச்சுருவேன். ராத்திரி மடிச்ச பக்கத்தை மட்டும் பாத்துக் கேட்டு எழுதிக்கிருவேன்." அப்புறம் ஒன்று சொன்னார்: "மேற்படின்னு நான் எழுதினாத்தான் மேற்படி. காலியா இருந்தா, கேக்கணும்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணாப் பாத்தீங்கன்னா எப்புடி?"

அவர் அதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னார். ஆனால் எக்ஸெப்ஷனைப் பற்றி எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. காலேஜில் டிரை, கேட்ச், எது வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி மூன்றையும் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள், பரீட்சையில் "எக்ஸெப்ஷன் ஹாண்ட்லிங் என்பது புரோகிராம் நின்றுவிடாமல் காப்பது" என்று எழுதி மார்க் வாங்கினேன். நின்றுவிடாமல் காப்பதா? அன்றைக்கு நின்று தொலைத்திருந்தால் அப்பத்தா அங்கிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து நான் பண்ணியது, சூடுபட்ட பூனை மாதிரி, எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. புரோகிராம் மொத்தத்தையும் ஒரே பெரிய டிரைக்குள் போட்டு, எது வந்தாலும் பிடித்து, ஒரு பெட்டி திறந்து "பிழை ஏற்பட்டது. நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்" என்று காட்டவைத்தேன். முதல் நாளே போன்: "நிர்வாகின்னா யாரு தம்பி? ஓனரா, நீங்களா?" அதைவிட மோசம், பெட்டிக்குக் கீழே எக்ஸெப்ஷனின் மெசேஜை மட்டும் எடுத்துக் காட்டியிருந்தேன், ஸ்டாக் டிரேஸ் இல்லை. நல் என்றால் 'ஒன்றுமில்லை', ஒன்றுமில்லாததை இருப்பதாக நினைத்துத் தொட்டால் வருவது நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன், அதற்கு அந்தக் காலத்து ஜாவாவில் மெசேஜே கிடையாது. அதனால் பெட்டியில் "பிழை: நல்" என்று வந்தது, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலிலும் அதேதான், ஒரே நாளில் நாற்பது ஐம்பது வரி, எல்லாம் "பிழை: நல்". எந்தக் கிளாஸ் (புரோகிராமின் ஒரு பகுதி), எந்த வரி, ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்ட மாதிரி. ஜாவா 14-இல், 2020-இல்தான், எந்த வேரியபிளில் 'நல்' இருந்தது என்பதையே மெசேஜில் சொல்ல ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸை வைத்தவர், 2009-இல் ஒரு மாநாட்டில் அதைத் தன்னுடைய 'பில்லியன் டாலர் தவறு' என்று அவரே சொன்னார். நம் கடைக் கணக்கில் எத்தனை டாலரோ.

இதிலேயே இன்னொரு தப்பும் கலந்திருந்தது, இதை இப்போதும் அனுபவசாலிகளே பண்ணுகிறார்கள். கீழே டேட்டாபேஸில் (அதனிடம் பேசும் மொழி எஸ்கியூஎல்) ஒரு எஸ்கியூஎல் எக்ஸெப்ஷன் வரும், அதைப் பிடித்து, நாமே எழுதிய 'பில் எக்ஸெப்ஷன்' என்று ஒன்றை மேலே வீசுவோம். நல்ல பழக்கம்தான், மேலே இருக்கிற ஸ்கிரீனுக்கு எஸ்கியூஎல் பற்றி என்ன கவலை. ஆனால் புதிதாக வீசும்போது பழையதைக் கூடவே வைத்து அனுப்பவேண்டும், புதியதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக. அதை விட்டால் மேலே கிடைப்பது "பில் போட முடியவில்லை" என்ற புலம்பல் மட்டும்தான், ஏன் என்பது கீழேயே புதைந்துவிடும். வைத்து அனுப்பினால் ஸ்டாக் டிரேஸில் 'காஸ்ட் பை' ('இதனால் வந்தது') என்று கீழே ஒரு அடுக்கு வரும், பெரும்பாலும் அந்தக் கடைசி அடுக்கைத்தான் முதலில் படிக்க வேண்டும். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் வரியைப் பார்த்துவிட்டு "அண்ணே ஏதோ எர்ரர்" என்று கூப்பிடுவார்கள். கடைசி 'காஸ்ட் பை'யைப் படித்துவிட்டுக் கூப்பிடு என்பேன், பாதிப் பேர் திரும்பக் கூப்பிடவே மாட்டார்கள்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்து, மூன்றாவது முறையாக எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு கேட்சையும் எழுதும் முன் ஒரு கேள்வி: இந்த இடத்தில் இதைப் பிடித்து நான் என்ன செய்யப்போகிறேன்? பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் கேட்ச் இல்லை, அது மேலே போகட்டும். இப்படிப் பார்த்தால் கடை புரோகிராமில் மொத்தமே மூன்று வகைதான் மிஞ்சியது. ஒன்று, விலை படிக்க முடியாத வரி. அதற்காக மற்ற நூறு விவசாயிகளைக் காக்கவைக்கக் கூடாது, அதனால் லூப்புக்குள்ளேயே பிடித்து, அந்த வரிக்கு பில் போடாமல், தனியாக ஒரு பட்டியலில் சிவப்பாகக் காட்டு: எத்தனாவது வரி, யார், என்ன பூ, கட்டத்தில் இருந்தது என்ன. கணக்குப்பிள்ளை அண்ணன் மூலையை மடிக்கிறதேதான். விலை வேரியபிளும் லூப்புக்குள் வந்துவிட்டது, மேற்படி வேண்டுமென்றால் ஷீட்டில் மேற்படி என்றே எழுத வேண்டும் என்று ஆக்கினேன். இரண்டு, டேட்டாபேஸ் தொடர்பு அறுந்தது. இதற்கு லூப்புக்குள் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அடுத்த வரியும் அதே கதிதான், அதனால் வெளியே வந்து, அரைகுறையாக எழுதியதை ரோல்பேக் பண்ணி, அதாவது எழுதாத மாதிரி திரும்ப எடுத்துவிட்டு, "லைன் இல்லை, கேபிளைப் பாருங்கள், பிறகு மறுபடி அழுத்துங்கள்" என்று சொல்லவேண்டும். மூன்று, என் சொந்த முட்டாள்தனம், நல் பாயிண்டர் மாதிரி. இதை எங்கேயும் பிடிக்கவே இல்லை. கடைசி வாசலில் ஒரே ஒரு ஆள், யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷனெல்லாம் வந்து சேரும் ஹாண்ட்லர், அவன் முழு ஸ்டாக் டிரேஸையும் ஃபைலில் எழுதிவிட்டு, "இது புரோகிராம் எழுதினவர் தப்பு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று என் நம்பரைக் காட்டுவான். நம்பரைப் போட்டதிலிருந்து என் கோடின் தரம் உயர்ந்தது என்பது உண்மை, விடிகாலை நாலு மணிக்கு யாருக்குத்தான் போன் பிடிக்கும்.

கிளாஸ்களாகப் பிரித்து எழுதுவதன் அருமை எனக்கு இதில்தான் பிடிபட்டது. வட்டம், சதுரம், நாய், பூனை என்று, தாய் கிளாஸின் குணம் பிள்ளை கிளாஸுக்கு வருகிற இன்ஹெரிட்டன்ஸுக்கு எத்தனை உதாரணம் படித்திருப்போம், ஒன்றும் ஒட்டாது. எக்ஸெப்ஷன் கிளாஸ்களில் அது நேராகவே தெரியும்: 'கடை எக்ஸெப்ஷன்' என்று ஒரு தாய், அதற்குக் கீழே 'விலை தெரியவில்லை', 'எடை தெரியவில்லை' என்று பிள்ளைகள், லூப் தாயை மட்டும் பிடித்தால் பிள்ளைகள் எல்லாம் மாட்டும். தாயை முதலில் பிடித்துவிட்டு, பிள்ளைக்கென்று அதற்குக் கீழே ஒரு கேட்ச் வைத்தால் அது ஒருநாளும் வேலை செய்யாது என்று ஜாவா கம்பைல் பண்ணவே மறுக்கும். அந்த விலை எக்ஸெப்ஷனுக்குள் வரி எண், பூவின் பெயர், படித்த எழுத்துகள் எல்லாவற்றையும் ஃபீல்டாக வைத்தேன். அதுவும் தகவலைச் சுமக்கக்கூடிய ஒரு ஆப்ஜெக்ட்தானே, வெறும் மெசேஜை மட்டும் ஏன் சுமக்கவேண்டும்?

கடையில் இன்னொரு பேய் இருந்தது, அதையும் சொல்லாமல் விட முடியாது. முகூர்த்த நாளில் மட்டும், காலை எட்டு மணி வாக்கில் நாலு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் உறைந்துவிடும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. "அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, கம்ப்யூட்டரும் மெரளுது" என்று அங்கே ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள். லாகில் பார்த்தால் எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 'கனெக்ஷன் அதிகமாகிவிட்டது' என்று சொல்லியிருந்தது. நாலு கம்ப்யூட்டருக்கு எப்படி அதிகமாகும்? மைஎஸ்கியூஎல் எதுவும் மாற்றாமல் விட்டால் 151 கனெக்ஷன் தாங்கும்.

தேடினால், விவசாயியின் கோட் நம்பரைத் தட்டினால் பெயரை எடுத்துத் தரும் ஃபங்ஷன். கனெக்ஷன் திறக்கும், தேடும், கடைசி வரியில் மூடும். கோடு தப்பாக இருந்தால் நடுவிலேயே எக்ஸெப்ஷன் வீசிவிட்டுப் போய்விடும், கடைசி வரிக்கு வரவே வராது, கனெக்ஷன் திறந்தபடியே கிடக்கும். முகூர்த்த நாளில் புது ஆட்கள் நிறையப் பூ கொண்டுவருவார்கள், கோடு தெரியாது, பையன்கள் தோராயமாக ஏதாவது தட்டிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு தப்புத் தட்டலுக்கும் ஒரு கனெக்ஷன் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் ஏன் தெரியவில்லை என்றால், சும்மா கிடக்கும் கனெக்ஷனை எட்டு மணி நேரம் கழித்து மைஎஸ்கியூஎலே வெட்டிவிடும், 28,800 விநாடி என்பது அதன் இயல்பான கணக்கு, பத்து இருபது ஒழுகினாலும் ராத்திரிக்குள் அதுவே துடைத்துவிடும். என் ஓட்டையை அது மாதக்கணக்கில் மூடி மறைத்து எனக்கு உதவி பண்ணியிருக்கிறது. உதவியா அது!

ஃபைனலியில் மூடியிருக்க வேண்டும். 2011-இல் வந்த ஜாவா 7-இலேயே, டிரைக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் கனெக்ஷனைத் திறந்தால் எந்த வழியாக வெளியே போனாலும் தானாக மூடிக்கொள்ளும் வசதி இருந்தது. எங்களிடமும் ஜாவா 7-தான் இருந்தது, நான்தான் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஃபைனலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதற்குள் ரிட்டர்ன் ('முடிந்தது, திரும்பிப் போ' என்ற கட்டளை) போடாதீர்கள். டிரைக்குள் வந்த எக்ஸெப்ஷன் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே ஃபைனலியில் ரிட்டர்ன் வந்தால் எக்ஸெப்ஷன் சுவடே இல்லாமல் மறைந்துவிடும், கேட்ச் கூட இல்லாமல் விழுங்குகிற வித்தை அது. எங்கள் ஆபீஸில் ஒரு பையன் அப்படி எழுதியதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எக்ஸெப்ஷனே வராத தப்புகளும் உண்டு. முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஜாவா வீசும், தசம எண்ணில் வகுத்தால் வீசாது. வரத்தே இல்லாத ஒரு நாளில் கனகாம்பரத்தின் சராசரி விலையைப் பூஜ்யம் ரூபாய் வகுத்தல் பூஜ்யம் கிலோ என்று என் ரிப்போர்ட் கணக்குப் போட்டு, 'எண் அல்ல' என்பதற்கான NaN என்ற அந்த மூன்று ஆங்கில எழுத்தை அச்சடித்துவிட்டது. கணக்குப்பிள்ளை அண்ணன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கனகாம்பரம் வெல 'நான்'னு போட்டுருக்கு, யாரு தம்பி அந்த நான்?" என்றார்.

அதற்காக எதைக் கண்டாலும் நிறுத்திவிடு என்பதும் சரியில்லை. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம், கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் 32,767-க்கு மேலே போய்விட்டது, அந்த மாற்றத்துக்குப் பாதுகாப்பு இல்லை, எக்ஸெப்ஷன் கிளம்பியது. பழைய ஏரியான் 4-க்கு எழுதிய கோட், அதில் இந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. ஆனால் என்னை உலுக்கியது அதற்கு அடுத்தது: எக்ஸெப்ஷன் வந்தால் அது ஹார்டுவேர் கோளாறாகத்தான் இருக்கும், கருவியை அணைத்துவிட்டு மாற்றுக் கருவிக்குப் போய்விடலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். மாற்றுக் கருவியில் ஓடியதும் அதே கோட். அதுவும் அதே இடத்தில் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் மேலே கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. அவர்கள் எக்ஸெப்ஷனை விழுங்கவில்லை, நிறுத்தத்தான் செய்தார்கள். 'தப்பு நம் கோடில் இருக்காது' என்று நினைத்ததில்தான் போனது. நம்மாளுக என்ன, பெரிய பெரிய ஆட்களுக்கே இந்த நினைப்பு வரும்.

எங்கே கட்டாயப்படுத்துவது என்பதில் ஜாவா எடுத்த முடிவு எனக்கு இன்றைக்கும் அரைமனசுதான். சில எக்ஸெப்ஷன்களைப் பிடி, அல்லது மேலே அனுப்புவதாக எழுதிக் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் கம்பைல் பண்ண மாட்டேன் என்கிறது. நோக்கம் நல்லதுதான். நடப்பது என்ன? ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போக அவசரத்தில் இருக்கிற ஆள், சிவப்புக் கோடு போனால் சரி என்று சும்மா ஒரு கேட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். சி ஷார்ப் மொழி இந்தக் கட்டாயத்தையே வைக்கவில்லை. எது சரி என்று சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் ஆபீஸில் ஒரே விதி: ஒரு கேட்ச் இருந்தால், அதற்குள் இருப்பது என்ன செய்கிறது என்று எழுதினவர் வாயால் சொல்லவேண்டும். "லாக் பண்றேண்ணே" என்றால், லாக் பண்ணிவிட்டு அப்புறம் வேரியபிளில் என்ன மதிப்போடு மேலே போகிறாய் என்று அடுத்த கேள்வி. பெரும்பாலும் அங்கேதான் முழிப்பார்கள்.

அந்தக் கடைக்கு இன்னமும் அதே புரோகிராம்தான். பிரிண்டர் மாறிவிட்டது, ஓனர் மகன் ஓனராகிவிட்டார், கணக்குப்பிள்ளை அண்ணன் ரிட்டயர் ஆகிறேன் ஆகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். போன வருஷம் ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், நாலு மணிக்குப் போன். எடுத்த எடுப்பில், "தம்பி, செவப்பா ஒண்ணு வந்துருக்கு" என்றார். எழுந்து உட்கார்ந்தேன். படிங்கண்ணே என்றேன். கண்ணாடியை மாட்டுகிற சத்தம் கேட்டது, பின்னால் ஏலச் சத்தம்.

"முப்பத்தோராவது வரி. மல்லி. வெல படிக்க முடியல. இருந்தது, ஒண்ணு, நாலு, அப்புறம் ரெண்டு முட்டை."

"முட்டைன்னா சைபராண்ணே, இல்ல இங்கிலீஷ் ஓவா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பாக்க ரெண்டும் ஒண்ணாத்தானப்பா இருக்கு... இரு, மேல உள்ள சைபரை விட இது கொஞ்சம் குண்டா இருக்கு. அட, ஓதான். புதுப்பய தட்டிருக்கான்." கீபோர்டில் டக் டக் என்று நாலு தட்டு. "போயிருச்சு தம்பி. பில்லு வந்துருச்சு. நீங்க படுங்க."